துளை இருந்த பக்கம்

என் மனைவி எலி மூளையைச் சீவுகிற வேலையில் இருந்தாள். அதைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் போகும் போக்கைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். உறைய வைத்த மூளையை வெங்காயத் தோலைவிட மெல்லியதாக அறுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் படிய வைப்பாள். பத்தொன்பது வருடம் செய்தாள். போன வருடம் இறந்துபோனாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மூன்று மூளைகள்தான்.

நான் லேத் பட்டறைக்காரன். ஒரு நாள் இரும்புச் சில்லு தெறித்து இடது கண் போயிற்று. நாலு மாதம் வீட்டில் கிடந்தேன். டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் விழும். படியிறங்கக் கால் கூசும். தலைக்குள் ஒரு பாதி பூட்டிக் கிடப்பதுபோல் இருந்தது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் எண்ணுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைவியான பேராசிரியையிடம் அவளே போய், வீட்டில் ஒருவர் சும்மா இருக்கிறார், நுணுக்க வேலை பார்த்த கண் என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்த நுண்நோக்கி பழையது, ஒற்றைக் குழாய். மற்றவர்கள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

"பன்னெண்டு எலி இருந்துச்சு. பதிமூணாவதும் வந்து சேந்தாச்சு" என்றாள் முதல் நாள். கண் போனபின் அன்றுதான் சிரித்தேன்.

அந்தப் பன்னிரண்டுக்கும் மயக்கம் கொடுத்து ஒரு கண்ணை எடுத்திருந்தார்கள். கண்ணிலிருந்து வரும் நரம்பு அற்றுப்போனால், பார்வைக்கான மூளைப் பகுதியில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கும் செல்கள் கூடுமா குறையுமா என்பது கேள்வி. சாயத்தில் அந்தச் செல்கள் நீலமாகத் தெரியும். சீவல்கள் சாயத்தட்டில் மிதக்கும்போது புரண்டுவிடும் என்பதால், அறுக்குமுன் ஒரு நீள ஊசியை முன்னிருந்து பின்னாக ஓட்டி ஒரு பக்கத்தில் துளை போட்டுவிடுவாள். துளை உள்ள பக்கம் இத்தனை நீலம், இல்லாத பக்கம் இத்தனை என்று நான் எழுதித் தர வேண்டும். எடுத்தது எந்தக் கண், துளை எந்தப் பக்கத்துக்கு அடையாளம் என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. தகடுகளையும் கலைத்துப் போட்டுத்தான் தருவார்கள். ஏழு வாரம் வீட்டிலும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எண்ணி முடித்ததும் கணக்கைப் பிரித்தார்கள். ஒன்பது எலிகளில் துளை உள்ள பக்கம் நீலம் கூடுதல். மூன்றில் தலைகீழ்.

"ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்கே இந்த எண்ணிக்கை தண்ணி காட்டும். இவரைச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் தகடுகளைப் படம் எடுப்பவர். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் வலித்தது. வேறொருவரை விட்டு எண்ணலாம் என்றார் பேராசிரியை.

திரும்பும்போது பேருந்தில், நாளையிலிருந்து நான் வரவில்லை என்றேன். வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவள் கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நாலாவது, அஞ்சாவது, ஆறாவது எலி. மூணும் ஒரே நாள்ல அறுத்தது. கண்ணு கெட்டா இப்படி வரிசையாவாங்க கெடும்?" என்றாள்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு போய், அலமாரியிலிருந்து பன்னிரண்டு சிறு குப்பிகளை இறக்கினாள். ஒவ்வொன்றிலும் சீவாமல் எடுத்து வைத்த ஒரு மூளையின் முன்துண்டு, அடியில் இரண்டு கண் நரம்புகளின் வேரோடு. இழந்த கண்ணின் நரம்பு சாம்பல் நிறத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. கண் நரம்பு எதிர்ப்பக்க மூளைக்கே போவதால், துளை அதற்கு எதிரே இருக்க வேண்டும். மூன்று குப்பிகளில் சுருங்கிய நரம்பும் துளையும் ஒரே பக்கம் இருந்தன.

பதிவேட்டில் அந்தத் தேதியைப் பார்த்தாள். என் கண் போன மறுநாள். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நேராக வேலைக்குப் போயிருக்கிறாள். பன்னிரண்டுக்கும் எடுத்தது இடது கண், துளை வலப்பக்கம் விழ வேண்டும்; முதுகு மேலாக வைக்க வேண்டிய மூளையை வயிறு மேலாக வைத்துவிட்டு, பழகிய கை தன் வலப்பக்கம் குத்தியிருக்கிறது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் குப்பிகளை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை. அவள் வேலையை நீட்டிப்பார்களா என்று முடிவாகும் மாதம் அது. பழியை என் கண் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது, நானும்தான்.

மூன்று குப்பிகளையும் எல்லோரும் இருந்த மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இவர் சரியாத்தான் எண்ணியிருக்கார், மேடம். தப்பாக் குத்துனது நான்."

பேராசிரியை குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நுண்நோக்கியை என் பக்கம் நகர்த்தி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் கண் எடுக்காத எலிகளின் தகடுகள் இன்னும் பாக்கி இருக்கின்றன, எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார். இனிமேல் ஊசி குத்துமுன் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார். அவள் வேலையும் நீண்டது.

அன்று பேருந்தில்தான் முடிவைச் சொன்னாள். எங்கள் எலிகளில், நரம்பு அற்ற மூளைப் பக்கம்தான் நீலம் கூடியிருந்தது.

"அந்த வாயுவைச் சேத்து வைக்க முடியாதுங்க. உண்டாக உண்டாகக் கதவு தட்டாமப் பக்கத்துச் செல்லுக்குள்ள போயிடும்."

எதற்காம் என்று கேட்டேன்.

"நல்லதுக்குங்கறாங்க, கெடுதலுக்கும்ங்கறாங்க. இன்னும் தெரியாது. ஆனா ஒண்ணு, அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கல."

நான் சொல்லாததை அவள் எப்படியோ கேட்டிருந்தாள். பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பாள்.

நான் இன்னும் அங்கேதான் எண்ணுகிறேன். அவள் இடத்துக்கு வந்திருக்கும் பெண், ஊசியை எடுத்ததும் என்னைக் கூப்பிடுவாள். எழுந்து போய், முதுகு மேலே இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்பேன்.

"சரிம்மா, குத்து" என்பேன்.