ஒன்பதாம் கேள்விக்கு மூன்று பிள்ளைகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அரசாங்கப் படிவம் ஒன்றிலிருந்து திருடியது. எங்கள் ஆப்பிரிக்கக் காலனியின் அரசு ஊழியர்களுக்கும் போலீஸாருக்கும் புதுச் சம்பள விகிதம் நிர்ணயிக்க லண்டனிலிருந்து ஒரு துரையின் தலைமையில் குழு ஒன்று குமாசி நகரத்துக்கு வந்தது. அதில் நான் எழுத்தர். பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சார்ஜன்ட் அம்போஃபி கம்பீரமாக உள்ளே..."

வேண்டாம். படிவத்தைப் பார்த்து அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

2

ஒன்பதாம் கேள்வி: உம்மை நம்பியுள்ள பிள்ளைகள் எத்தனை?

அம்போஃபியின் மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. ஆனால் அக்கா பிராகோவின் மூன்று பிள்ளைகளை வளர்ப்பது அவர்தான். அவருக்குப்பின் அவருடையதெல்லாம் அவர்களுக்குத்தான். நாங்கள் அசாந்திகள், எங்களில் சொத்து மகனுக்குப் போகாது, அக்காள் தங்கை பிள்ளைகளுக்குத்தான்; மாமன் என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான்?

படிவத்தில் மருமக்களுக்கு இடமில்லை. ஒன்பதைக் காலியாக விட்டால் தனியாள் விகிதம். மூத்தவன் படிப்பு ஜனவரியோடு நின்றுவிடும்.

"பிள்ளைங்கன்னே எழுதிடுங்க சார்ஜன்ட், யார் வந்து பார்க்கப்போறா?" என்றார் ஓர் எழுத்தர்.* அம்போஃபியும் அப்படியே எழுதிவிட்டார்.

[* முந்தைய பிரதிகளில் இந்த எழுத்தர் யாரென்று சொல்லவில்லை. நான்தான்.]

3

செய்தி சந்தைவரை போய்விட்டது. பிராகோ வாழைக்காய்க் கடையை அப்படியே போட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள். (அவளுக்குச் சாந்தமான குரல் கொடுத்துப் பார்த்தேன். ஏற்கவில்லை.)

"ஏன்டா, என் பிள்ளைங்க உனக்குப் பிள்ளைங்களா? அப்ப நான் யாரு, உன் பொண்டாட்டியா?"

"மெதுவா பேசுக்கா. துரை உள்ள இருக்காரு."

"இருக்கட்டும்! வெளிய வந்து நமக்குக் கல்யாணம் பண்ணிவைக்கட்டும்! மருமகன்னாதான்டா வாரிசு. மகன்னு நீ கையெழுத்துப் போட்டா, நாளைக்கு நம்ம சொந்தக்காரங்க இந்தக் காகிதத்தக் காட்டியே பசங்களத் துரத்துவாங்க."

"உண்மைய எழுதினா மூத்தவன் படிப்பு போச்சுக்கா."

"இது உன் மண்டையில உதிச்ச யோசனை இல்ல. எவன் சொன்னான்?"

அம்போஃபி என் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்தார். நான் பென்சில் சீவினேன். ஏற்கெனவே சீவிய பென்சில்.

4

திங்கட்கிழமை நேர்விசாரணை. பைபிள்மேல் கைவைத்துச் சொல்லவேண்டும். பொய் என்று தெரிந்தால் சொன்னவனுக்கும் சொல்லிக்கொடுத்தவனுக்கும் வேலையே போய்விடும்.

முடிவு ஒன்று: "என் பிள்ளைகள்" என்கிறார். சம்பளம் உயர்கிறது. வாசலில் நிற்கும் பிராகோவின் முகம்... (எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். துரை மனமிரங்கி மருமக்களையும் படிவத்தில் சேர்க்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்து அடித்துவிட்டேன். துரை கெட்டவரல்ல. தன் அக்காள் மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முடிவு மூன்று: யோசனை சொன்ன எழுத்தர் எழுந்து நின்று

பதினோரு வருஷமாக அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

5

இனி வருவது அப்படியே நடந்தது. "இவர்கள் உம்முடைய பிள்ளைகளா?" என்று துரை கேட்டார். அம்போஃபி துரையைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற அக்காவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே கிடையாது. அடுத்து என்ன சொல்லட்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பிறகு நடந்ததை நான் சொன்னால் எனக்குச் சாதகமாகத்தான் சொல்வேன். அதனால் என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் வீட்டிலும் நாலு வாய் காத்திருக்கிறது. துரை பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அம்போஃபி இன்னும் உங்களைத்தான் பார்க்கிறார்.