துணைவேந்தர் அக்காவுக்கு ஒரு பேனர்

என் வீட்டுக்காரர் சுதாகருக்குச் சந்தோஷம் வந்தால் முதல் போன் ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போகும். மகள் வயதுக்கு வந்ததற்கு ஒரு பேனர். அவர் வேன் ஓட்டும் பட்டுக்கடை முதலாளி ஹேமநாத் புது வேன் வாங்கியதற்கு ஒரு பேனர். ஆரணியில் பேனர் கட்டாமல் ஒரு காதுகுத்து கூட நடப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மனுஷனுக்கு மண்டையில் கொஞ்சமாவது வேண்டாமா?

அவருடைய அக்கா கலையரசிக்குத் துணைவேந்தர் பதவி கிடைத்தது. அதற்கு இவர் அடித்த பேனரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியை, பிறகு அங்கேயே முதல்வர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டார். எங்கள் மகள் தேவிப்ரியாவை நான் பெற்றேன், அவ்வளவுதான். படிக்க வைத்தது, நீட் கோச்சிங்குக்குத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டது, பரீட்சை ஹால் வாசலில் வெயிலில் நின்றது எல்லாம் அக்காதான். இந்த வருஷம் அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எஸ்.சி. ஒதுக்கீட்டில்.

எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, மாதா கோயிலில் ஒன்று. அக்கா சர்டிபிகேட்டில் கலையரசி, இந்து, ஆதிதிராவிடர். கோயிலில் செசிலி. கிறிஸ்தவர் ஆகிவிட்டால் எஸ்.சி. கிடையாது என்கிறது சட்டம். ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட மறுநாள் ஊரார் வந்து எங்களைக் கூட்டிப்போய் நடுவீட்டில் உட்கார வைத்தார்களா என்ன? யாரும் வரவில்லை. அதனால் பேப்பரில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பிழைத்தோம்.

நான் கலசப்பாக்கத்துப் பக்கம். பிறந்த வீட்டில் படவேட்டு ரேணுகாம்பாள்தான் எல்லாம். கல்யாணமாகி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் போனேன், ஆடி மாதம் படவேட்டுக்கும் போனேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அக்காவுக்கு அப்படியில்லை. அவருடைய அப்பா ராமதாஸ் உபதேசியாராக இருந்தவர். சாமியார் வர முடியாத ஊர்களுக்கெல்லாம் போய் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். அந்த அப்பாவும் அவர் காட்டிய சாமியும் அக்காவுக்கு வேறு வேறு இல்லை.

ஆகஸ்டில் ஃபாதர் சவரிநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் தேடும் குழுவில் அவர்தான் செயலாளர். பழைய துணைவேந்தர் பாதியில் விட்டுப் போய்விட்டாராம், பிள்ளைகள் சேர்க்கையும் படுத்துவிட்டதாம். வருகிறவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும், பெரிய சம்பளம் கேட்கக்கூடாது. அக்கா விண்ணப்பித்திருந்தார்.

"பயோடேட்டா எல்லாரும் நல்லாத்தான் அனுப்பறாங்க. ஆளை அவங்க சொந்த வீட்ல பாக்கறது என் பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "சபையில உங்க ஜனங்கதான் பாதிக்கு மேல. மேல பார்த்தா ஒருத்தர் இல்ல. இந்தத் தடவை மாத்தியே ஆகணும்னு பேசிட்டிருக்கோம்" என்றார்.

'உங்க ஜனங்க' என்றது எனக்குச் சுருக்கென்றது. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டு அதை விழுங்கிவிட்டேன்.

"நீங்க ஏம்மா இந்த வேலைக்கு வரணும்?" என்று கேட்டார்.

அக்கா சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும், அதற்குக் கீழே அப்பாவின் போட்டோவையும் பார்த்தார். "எங்கப்பா அஞ்சாவதுதான் ஃபாதர் படிச்சாரு. ஓட்டை சைக்கிள்ல தேவிகாபுரம் பக்கமெல்லாம் போவாரு. மாட்டுக் கொட்டாயில உக்காந்துகினு ஜெபமும் சொல்லிக் குடுப்பாரு, அ ஆவும் சொல்லிக் குடுப்பாரு. ஸ்கூலே பாக்காத பொம்பளைங்க கையெழுத்து போட்டாங்க. பின்னாடி கேரியர்ல நான் உக்காந்திருப்பேன். அந்த வேலையைத்தான் நான் பெருசா செய்யணும்னு பாக்கறேன். வேற ஆசை எனக்கு இல்ல."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷமே வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆர்டர் வந்தது. அக்டோபர் முடிவதற்குள் பதவியேற்பு. ஹேமநாத் கடையிலேயே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். நான் அந்தக் கடையில் புடவை மடிக்கிறவள், எது நல்ல நெசவு என்று கை சொல்லிவிடும். புடவை எடுத்ததைச் சொன்னதும் அக்கா போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சுதாகர் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிட்டார். மேலே மாதா. நடுவில் அக்கா, கருப்பு கவுனோடு. 'எங்கள் மாதா கோயில் பங்கின் தவப்புதல்வி, உபதேசியார் ராமதாஸ் அவர்களின் அன்பு மகள், முனைவர் செசிலி கலையரசி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தராகப் பொறுப்பேற்பதை வாழ்த்தி மகிழும்' என்று போட்டு, கீழே வரிசையாக நாங்கள். கூலிங் கிளாஸில் அவர். எந்தக் கல்யாணத்தில் பிடித்ததோ, வாயைப் பிளந்துகொண்டு நான். கடைசியில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு தேவிப்ரியா, 'எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு'. அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா ஊருக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சுதா, போயி அத்த கழட்டு. இப்பவே."

"இன்னாக்கா நீ! நல்ல ஃப்ளெக்ஸு, மழைக்குக்கூட ஒண்ணும் ஆவாது."

"பாப்பா படத்த ஏண்டா போட்ட? கோயில் பேரு, உபதேசியாரு, மாதா, அதுக்குக் கீழ எம்.பி.பி.எஸ்-ஸா? அவ எந்த சர்டிபிகேட்ல சேந்தான்னு உனக்குத் தெரியாதா?"

சுதாகர் முகம் அப்படியே செத்துப்போனது. லுங்கியோடு ஓடினார். கழற்றி, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்ன பிரயோஜனம்? ஆரணி முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

அடுத்த வாரமே நோட்டீஸ் வந்தது. கிறிஸ்தவக் குடும்பம், இந்து என்று சொல்லி மருத்துவ சீட் வாங்கிவிட்டது, ரத்து செய்ய வேண்டும் என்று மனு. கூடவே பேனர் போட்டோ. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. சீட் கிடைக்காத ஒரு பிள்ளையைப் பெற்றவர்களாக இருக்கலாம். அவர்கள் வயிறும் எரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நான் திட்டிய திட்டுக்கு அவர்கள் வீட்டில் புல் முளைத்திருக்காது.

வக்கீல் வீரபாகுவிடம் போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. "தாத்தா உபதேசியாரு, அத்தை கத்தோலிக்க வி.சி. அப்ப பொண்ணு மட்டும் எப்டிங்க இந்துன்னு கேப்பாங்க. மேடமே விசாரணை அதிகாரி எதுருல உக்காந்து, நாங்க எல்லாம் இந்துதான்னு எழுதிக் குடுத்தாங்கன்னா மனு நிக்காது. இல்லன்னா பொண்ணு படிப்ப மறந்துடுங்க."

வீட்டுக்கு வந்து அக்கா ஃபாதருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் ஃபாதர். "ஆனா பேப்பர்ல வந்துட்டா யுனிவர்சிட்டி பேரு கெடும். வீட்டு விஷயத்தை முடிச்சிட்டு வாங்க. ஒண்ணு மட்டும். நான் கத்தோலிக்கர் இல்லன்னு எங்கயாவது கையெழுத்துப் போட்டுட்டா, அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சபையில பாதி எங்க ஜனங்கன்னு சொன்னீங்களே ஃபாதர். அந்தப் பாதிப் பேரு வீட்லயும் இதே சர்டிபிகேட்தான். உங்களுக்குத் தெரியாததா?"

 "ஜெபிச்சிக்கிறேம்மா" என்றார் ஃபாதர். வைத்துவிட்டார்.

சுதாகர் தலையில் கை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை வருஷம் உழைத்து வந்த நாற்காலி. அதை விடு என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"அக்கா, எம் பொண்ணுக்கா" என்றேன்.

"எனக்கு மட்டும் அவ யாரு?" என்றார் அக்கா. போனைக் கவிழ்த்து வைத்தார். "அழுதுகினு நிக்காத. அந்தப் படத்த எறக்கு."

நான் பஜாருக்குப் போய் ரேணுகாம்பாள் படம் வாங்கி வந்தேன். ஆண்டவர் படத்தை இறக்கினால், சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அம்மன் படம் சின்னது, மூடவில்லை. பக்கத்தில் ஒரு காலண்டரையும் மாட்டினேன். இறக்கிய படத்தை எதில் சுற்றுவது என்று நான் தேடுவதற்குள், அக்கா அந்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து, அதில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டார். அம்மன் படத்துக்குக் குங்குமம் வைத்தேன். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட தாயைப் பொய் சாட்சிக்கு இழுத்து வந்து சுவரில் மாட்டியிருக்கிறேனே என்று இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். எங்களை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க கிறிஸ்டினுங்களா மேடம்?"

"இல்லைங்க சார்."

"பேனர்ல செசிலின்னு போட்டிருக்கே?"

"சிஸ்டருங்க காலேஜ்ல வேலை பாக்கறேன். அங்க அப்டிக் கூப்புடுவாங்க. தம்பி தெரியாம போட்டுட்டான்."

"அந்தத் துணைவேந்தர் போஸ்ட்டு?"

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேங்க."

எனக்கு அது புதுச் செய்தி. எப்போது எழுதினார், எங்கே உட்கார்ந்து எழுதினார், ஒன்றும் தெரியாது.

அதிகாரி பேனர் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். "அப்பா உபதேசியாருன்னு இருக்கே. அது சர்ச்சுல ஒரு பொறுப்பு இல்லீங்களா?"

சுவரில் அப்பா போட்டோவை நான் எடுக்கவில்லை, அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அதெல்லாம் இல்லைங்க சார். எங்கப்பா படிக்காதவரு. மாதா கோயில்ல பெருக்கறது, மணி அடிக்கறது. கூலி வேலை. குடுத்த காசுக்குச் செஞ்சாரு, மத்தபடி அவருக்கும் அந்த சாமிக்கும் சம்பந்தமில்லைங்க."

சுதாகர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது எனக்குக் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டிருக்கும். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மனு தள்ளுபடியானது. தேவிப்ரியா படிப்பு தப்பியது. வக்கீல் மட்டும் எச்சரித்தார்: "அவங்க ஹைகோர்ட்டுக்குப் போவாங்கன்னு பேசிக்கிறாங்க. பொண்ணு டாக்டராவி வெளிய வர வரைக்கும் கோயில் கீயில்னு ஒருத்தரும் அந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காதீங்க. எவனாவது போட்டோ எடுத்தான்னா பேஜாராயிடும்."

பல்கலைக்கழகத்துக்கு ஒரு சாமியாரைத் துணைவேந்தராகப் போட்டார்கள். பெரிய சாதிக் குடும்பத்துச் சாமியார். ஃபாதர் சவரிநாயகம் அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார், கடவுளின் சித்தம் என்று. அக்கா அதை எனக்குக் காட்டினார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே போய் அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவோம். அக்கா எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார். இந்த வருஷமும் வந்தார். வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில், "கெளம்பறேன்" என்று பையை எடுத்தார். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் கல்லறைத் தோட்டம். வேறு வழியில் போகலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. உள்ளே ஒரே வெளிச்சமாக இருந்தது, ஜனங்கள் மண்டிபோட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரச் சுவரை ஒட்டித்தான் அப்பா படுத்திருக்கிறார். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி எரிந்தது, அவருடையது மட்டும் புல் மண்டி இருட்டாக இருந்தது.

கேட்டருகே மெழுகுவத்திப் பாக்கெட்டோடு முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். மாட்டுக் கொட்டகையில் அப்பாவிடம் கையெழுத்துப் போடக் கற்றவள் அவள்.

"செசிலி! வந்துட்டியா கண்ணு. அப்பாவுக்கு இன்னும் ஒருத்தரும் ஏத்தலையே. ரெண்டு பேரும் போயி வெக்கலாம் வா" என்று அக்காவின் கையைப் பிடித்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து பையன்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். பிறகு முனியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

"ஆளு மாறிப் பேசறீங்கம்மா. எம் பேரு கலையரசி. அங்க எனக்கு யாரும் இல்ல."

முனியம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பொம்பளை அப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தியாவது ஏற்றினாளா என்று திரும்பிப் பார்க்கத் துடித்தேன்.

"திரும்பாத, நட" என்றார் அக்கா. நடந்தேன்.