மூன்றாவது கத்தல்

கேதீஸ்வரனைச் சுட்டது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சுட்டவனே பொலிஸ் நிலையத்துக்குப் போய், "நான்தான்" என்று சொல்லிவிட்டான். அதில் சிறிதரன் எதையும் ஒளிக்கவில்லை. அவன் ஒளித்தது வேறொன்றை. நாலு வசனம்தான். அதை முழுங்கிக்கொண்டு எத்தனை நாள் ஒரு மனிதன் சோறு தின்னலாம் என்று பார்த்தால், எட்டு நாள்.

சிறிதரன் மெல்பேர்னில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை பார்த்தான். வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் அதே வேலைதான். எழுபத்து மூன்றில் மனைவி யோகாவோடு இங்கே வந்து, கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தான். மூன்று வருடம் கழித்து யோகாவின் தம்பி கேதீஸ்வரனும் நெடுங்கேணியிலிருந்து வந்து சேர்ந்தான். இருபத்தெட்டு வயது. உழவு இயந்திரம் ஓட்டுவான், வேட்டைக்குப் போவான், வாய் திறந்து பேசுவது குறைவு. சிறிதரன் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லாம் இங்கிலீஷ். கேதீஸ்வரன் படிக்கும்போது எல்லாம் தமிழாகிவிட்டது. ஆகவே மெல்பேர்னில் அவனுக்கு வாய் என்று இருந்தது அத்தானின் வாய் மட்டும்தான். டொக்டர் கேட்டாலும், வேலை தருகிறவன் கேட்டாலும் சிறிதரனே பதில் சொன்னான். பல சமயங்களில் கேதீஸ்வரனிடம் கேட்காமலே சொன்னான். கேதீஸ்வரன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.

வினை தொடங்கியது அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நில அளவை வேலை பார்க்கும் கெவின் ஒரு புகைப்படம் காட்டினான். மெல்பேர்னுக்கு வடகிழக்கே மலைக்காட்டில் அவன் சுட்ட மான். நூறு வருடத்துக்கு முன்னர் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்ட இனமாம், சிலோனிலிருந்தும் வந்ததாம்.

சிறிதரன் பார்த்தான். மரை! நெடுங்கேணிக் காட்டு மரை, கொம்பும் பிடரியுமாக, ஒரு வெள்ளைக்காரனின் காலடியில் கிடந்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் சொன்னான், தான் இதில் முப்பது நாற்பது சுட்டிருப்பதாக. உண்மையில் சுட்டது இரண்டு. அந்த இரண்டையும் தேடிக் கண்டுபிடித்து, காற்றுப் பார்த்து, துவக்கைக் கையில் கொடுத்து, இப்ப சுடுங்கோ என்று சொன்னவர்கள் மாமனாரும் கேதீஸ்வரனும். அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டி, அப்படியென்றால் நீண்ட வார இறுதிக்குப் போய், செவ்வாய்க்கிழமை இறைச்சியோடு வா என்றார்கள். கெவின் தன் பழைய துவக்கைத் தருவதாகச் சொன்னான். சொன்னதை மீட்க வழியில்லை. கேதீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு போவதென்று சிறிதரன் தீர்மானித்தான். அவனில்லாமல் போனால் மானம் கப்பலேறும் என்பது அவனுக்கே தெரியும்.

வெளிக்கிடும்போது யோகா வாசலில் நின்று சொன்னாள்: "அவனைக் கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவனுக்கு இஞ்ச ஒண்டும் தெரியாது. நீங்கள் சொல்லுறது மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாதோ? நீர் போய்ப் படும்" என்றான் சிறிதரன்.

மான்ஸ்ஃபீல்டுக்கும் அப்பால், ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். ஆனி மாதம், இந்த நாட்டில் அது குளிர்காலம். விடிந்ததும் கெவின் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து மூன்று விஷயம் சொன்னான். சிவப்புத் தொப்பியைத் தலையை விட்டு எடுக்கக்கூடாது. இருக்கச் சொன்ன இடத்தை விட்டு அசைந்தால், மனிதக் குரலில் உரக்கக் கத்த வேண்டும், மான் ஓடினால் ஓடட்டும். தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் கண்ணால் காணாமல் விசையைத் தொடக்கூடாது. சொல்லிவிட்டு, "அவருக்கும் சொல்லு சிறி, ஒன்றும் விடாமல் சொல்லு" என்றான்.

சிறிதரனுக்கு எரிச்சலாக இருந்தது. மரையோடு பிறந்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இவன் அரிவரி படிப்பிக்கிறான் என்று நினைத்தான். கேதீஸ்வரன் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"உந்தத் தொப்பியைப் போடட்டாம். போட்டால் கோயில் திருவிழாவில பலூன் விக்கிறவன் மாதிரி இருப்பாய். மிச்சம் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சொல்லுற புத்திமதி. நாங்கள் எங்கட மாதிரியே செய்வம்."

கேதீஸ்வரன் சிரித்தான். "விளங்கியதா?" என்று கெவின் அவனைப் பார்த்துக் கேட்டான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது இருந்தது. "யெஸ், யெஸ்" என்றான். கெவின் அந்தப் பக்கம் திரும்பியதும் தொப்பியை மடித்து மண்ணிறக் கோட்டின் பைக்குள் வைத்தான்; பிறகு கெவினின் கண் முன்னால் மட்டும் அதைப் போட்டான்.

எங்கள் மாதிரி என்பது யோகாவின் அப்பா வைத்த சட்டம். வேட்டைக்காட்டில் ஆளை ஆள் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. மனிதக் குரல் கேட்ட காட்டில் மூன்று நாளைக்கு மரை கால் வைக்காது என்பார் அவர். கூப்பிட வேண்டுமானால் மரை மாதிரியே கத்த வேண்டும். இரண்டு கத்தல், ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ஒரு கத்தல். மரை தன்பாட்டுக்குக் கத்தும், மூச்சு எண்ணிக் கத்தாது. மூன்றாவதைக் கேட்டால் அது மனிதன். அந்த வீட்டில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கேதீஸ்வரன் கத்தினால் மரையே நின்று திரும்பிப் பார்க்கும்.

முதல் நாள் சிறிதரன் ஊரில் செய்கிற மாதிரி ஒரு தண்ணீர்க்கரையில் போய்ப் பதுங்கிக் கிடந்தான். பொழுது சாயும்வரை ஒரு அணில்கூட வரவில்லை. ஊரில், வன்னிப் பக்கம், கோடையில் குளம் வற்றினால் மிச்சத் தண்ணிக்கு எல்லா மிருகமும் வந்துதான் ஆக வேண்டும். இங்கே பள்ளத்துக்குப் பள்ளம் ஓடை ஓடுகிறது, எந்த மரை இவனிருக்கும் இடம் தேடி வரும்? கெவின் சிரிக்காமல் அதை எடுத்துச் சொன்னான். சிரித்திருந்தால்கூடச் சிறிதரன் தாங்கியிருப்பான்.

இரண்டாம் நாள் கேதீஸ்வரன் கண்டுபிடித்தான். ஒரு ஆழமான பள்ளத்துக்குள் பட்டை உரிந்த மரம், பக்கத்தில் மரை புரண்ட சேறு, சேற்றில் குளம்புத் தடம். குந்தியிருந்து தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தான். "இரவு வந்திருக்கு அத்தான். கலைமரை. தனிய வந்தது. விடியப்புறம் மேல ஏறும்." சிறிதரன் இதை இங்கிலீஷில் கெவினுக்குச் சொன்னபோது, கண்டுபிடித்தவன் தானாகிவிட்டான். கெவின் அவன் தோளில் தட்டினான். கேதீஸ்வரன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். காலையில் மூடுபனி பள்ளம் நிறையக் கிடந்தது. கெவின் எதிர்மேட்டுக்குப் போனான். சேற்றுப் பக்கத்தில் விழுந்து கிடந்த மரமொன்றின் மறைவில் கேதீஸ்வரனை இருத்திவிட்டு, "நான் வருமட்டும் அசையாதை" என்று சொல்லி, சிறிதரன் துவக்கோடு மேலே ஏறினான். பாதி ஏற்றத்தில் ஒரு பாறையோடு ஒண்டினான். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். கை விறைத்துப் போயிற்று. நாளைக்கு அலுவலகத்தில் என்ன முகத்தோடு நிற்பது என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைவில்லை.

அப்போது இடப்பக்கத்தில், நாற்பது முழத்தில், மரை கத்தியது. ஒன்று. இரண்டு. இறகு போல இலை விரித்த பன்னச் செடிகளுக்குள் மண்ணிறமாக ஏதோ அசைந்தது.

கீழேயிருந்த கேதீஸ் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று அவன் பிறகு எத்தனையோ தரம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். வந்தது. கூடவே மூன்றாவது கத்தலின் எண்ணமும் வந்தது. ஒரு மூச்சு நேரம் பொறுத்திருந்தால் போதும். பொறுத்தால் மரை போய்விடும் என்று அவன் சுட்டான்.

விழுந்த சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கேதீஸ்வரன் செடிகளுக்குள் மல்லாந்து கிடந்தான். வயிற்றில் பட்டிருந்தது. முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது, ஏதோ பிழை செய்து பிடிபட்டவனைப் போல.

"மரை என்னைத் தாண்டி மேல வந்தது அத்தான். உங்கட பக்கம் வருகுது எண்டு சொல்லத்தான் பின்னால வந்து கத்தினனான்."

"கதையாதை. கதையாதை ராசா."

"மூண்டாவதைப் பிந்திட்டன் போல."

கெவின் எதிர்மேட்டிலிருந்து ஓடிவந்தான். தங்கள் கோட்டுகளைக் கழற்றிக் கம்புகளில் கட்டி, அதில் கிடத்தித் தூக்கினார்கள். வழியெல்லாம் வழுக்கும் சேறு. கெவினின் லாண்ட்ரோவர் வண்டி நிற்கும் இடத்துக்கு வர இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. கேதீஸ்வரன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான், பிந்திட்டன் அத்தான், பிந்திட்டன் என்று. நீ பிந்தவில்லை, நான்தான் முந்திவிட்டேன் என்று சொல்லச் சிறிதரனுக்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. அவன் சொல்லவில்லை.

"என்ன சொல்கிறான்?" என்று கெவின் மூச்சிரைக்கக் கேட்டான்.

"தண்ணீர் கேட்கிறான்" என்றான் சிறிதரன்.

கெவின் நின்று, துணியை நனைத்து, கேதீஸ்வரனின் உதட்டில் வைத்தான். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கெவினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் நல்ல மனிதர். தேநீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். இடத்தை விட்டு அசைந்தால் கத்த வேண்டும் என்று இறந்தவருக்குத் தெரியுமா? அவருக்கு அது சொல்லப்பட்டதா?

சிறிதரன் வாயைத் திறப்பதற்குள் கெவின் முந்திக்கொண்டான். "என் கண் முன்னால்தான் சிறி சொன்னான். அவர்கள் மொழியில், ஒன்றும் விடாமல். நான் திருப்பியும் கேட்டேன், அவன் யெஸ் என்றான்." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னான்.

சார்ஜன்ட் சிறிதரனைப் பார்த்தார். "சொன்னீர்களா?"

"ஓம். சொன்னேன்." இங்கிலீஷில் பேசும்போது யெஸ் என்பதற்குப் பதிலாக அவன் வாயில் ஒருநாளும் ஓம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. சார்ஜன்டுக்கு அவன் தலையாட்டியதே போதுமாக இருந்தது. மடித்த தொப்பி கோட்டுப் பைக்குள் இருந்து எடுக்கப்பட்டது. சொல்லியும் இறந்தவர் கவனிக்கவில்லை என்று வாக்குமூலத்தில் ஏறிற்று. சிறிதரன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தான்.

ஸ்பிரிங்வேலில் எரித்தார்கள். யோகா அவனை ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. அதுதான் அவனை உயிரோடு தின்றது. மூடுபனி, இவர் சொன்ன இடத்தில தம்பி இருக்கேல்லை, தலைவிதி என்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவளே சொன்னாள். வந்தவர்களும் சிறிதரனின் கையைப் பிடித்து, உங்கட மனம் என்ன பாடு படும் என்றார்கள்.

எட்டாம் நாள் படையல் முடிந்து எல்லோரும் போன பிறகு, மத்தியானம், அவள் குசினி மேசையில் கடிதம் எழுத ஒரு நீல ஏரோகிராமைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பாவுக்குத் தந்தி மட்டும்தான் போனது. நடந்ததை எழுத வேணும். என்னால எழுத ஏலாது. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

அவன் எழுதத் தொடங்கினான். அன்புள்ள அப்பாவுக்கு. அவள் கதிரையின் விளிம்பில் இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். மலைக்காட்டுக்குப் போனது. பனி. "அசைஞ்சால் சத்தம் போட வேணும் எண்டு இவர் சொல்லியும், தம்பி கேளாமல்..."

நிறுத்தினாள்.

"இது பிழை" என்றாள். "அவன் நீங்கள் சொல்லி ஒருநாளும் கேளாமல் விட்டதில்லை. பஸ்ஸில எங்க இருக்கவேணும் எண்டு சொன்னாலும் அங்கதான் இருப்பான்." இப்போது அவனைப் பார்த்தாள். "என்ன சொன்னனீங்கள்? சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

பொலிஸில் அது சுலபமாக இருந்தது. அங்கே தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அவன் இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும், அவனையும் தெரியும். சிறிதரன் பேனையைக் கீழே வைத்தான்.

"திருவிழாவில பலூன் விக்கிறவன் மாதிரி இருப்பாய் எண்டனான். மிச்சம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சொல்லுற புத்திமதி எண்டனான். எங்கட மாதிரியே செய்வம் எண்டனான்."

யோகா வேட்டைக்காரன் மகள். அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப அவன் எங்கட மாதிரித்தானே கத்தியிருப்பான்."

"ஓம்."

"எத்தினை?"

"ரெண்டு."

"மூண்டாவதுக்கு நிண்டனீங்களோ?"

"நிக்கேல்லை."

அவள் எழுந்து ஏரோகிராமை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அலுமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துவந்து, அவன் முன்னால் விரித்து, பேனையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இப்ப எழுதுங்கோ. எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுங்கோ. ரெண்டோட சுட்டனீங்கள் எண்டு எழுதுங்கோ. அப்பாவுக்கு விளங்கும்."

"யோகா..."

"எழுதுங்கோ."

அவன் எழுதினான். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக அவள் வாசித்தாள், அவன் எங்கேயாவது ஒரு சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறானா என்று.