வயிற்றின் ஆட்சேபணை

"அவன் வேண்டாம்னு எத்தனை தடவ சொல்றது..."

"நீ கொஞ்சம் சும்மா இரு, அவர் காதுல விழும்..."

"விழட்டும். எச்சில் விரலால உன் வாயத் தொடச்சான், நீ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற."

முதலிலும் கடைசியிலும் பேசியது தையல்காரியின் வயிறு. நடுவில் பேசியது தையல்காரி. அவளுடைய பத்தொன்பதாவது வயதிலிருந்து அந்த வயிறு பேசிக்கொண்டிருந்தது. வெண்கலக் குரல். துணி கொடுக்க வருகிறவர்கள் அதற்கும் சேர்த்தே "வர்றேன்" சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளைப் பெண் கேட்டிருந்த மருந்துக்கடைக்காரர் நல்லவர் என்றுதான் தெருவே சொன்னது. காகித உறையைப் பிரிக்க விரலை நக்குவார், சீட்டைப் புரட்ட நக்குவார். அதே விரலால்தான் அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த நூலை வழித்தெடுத்தார். இருமல் மருந்தும் பழைய எச்சிலும் கலந்த வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் அவளுக்குத் தோல் உரிந்ததே தவிர வாடை போகவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் தையல் கடை எதற்கு என்றும் அவர் கேட்டிருந்தார்.

அக்கா வயிற்றின் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "முப்பத்தாறு முடியப்போகுது. விரல நக்குறதெல்லாம் ஒரு குறையாடி? உன் மாமா மூக்க நோண்டுவாரு. நான் குடும்பம் நடத்தல?"

ஆகவே தையல்காரி, காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியை மூன்று மடிப்பாக்கி, வயிற்றை இறுக்கும் உள்சட்டை ஒன்று தைத்தாள். "மூச்ச விட்டு நில்லுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லி அளவெடுத்தவள், தனக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவெடுத்தாள். தையல் பிரியாமலிருக்க ஓரத்தில் உள்ளே விடவேண்டிய துணியையும் விடவில்லை. எட்டு மாதம் வயிறு முனகியதோடு சரி. அந்த எட்டு மாதத்தில் தேதி குறித்தாயிற்று, கடையை வாங்க ஆள் வந்து பார்த்தாயிற்று. எதைத் தின்றாலும் அவளுக்கு இருமல் மருந்தாகவே ருசித்தது.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போடுமுன் அவள் முழு மூச்சு ஒன்று இழுத்தாள். உள்சட்டை, மேல்சட்டையையும் சேர்த்துக்கொண்டு, விலாவரை கிழிந்தது.

"எனக்கு இருக்கு" என்றது வயிறு.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் பதறவில்லை; விரலை நக்கிக்கொண்டு, உறையை ஒட்டுகிறவர்போல் கிழிசலை நோக்கிக் குனிந்தார். விரல் நுனியில் எச்சில் மினுங்கியது. தையல்காரி அதையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, கிழிசலை மறைக்காமல் நின்றாள்.

அதிகாரி ஆட்சேபணைப் பதிவேட்டைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் 'வயிறு' என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிழிசலைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?"