ஆமாங்கய்யா

செத்துக் கிடந்த அப்பாவின் தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தடவிக்கொண்டிருந்தாள் பூவிழி. பெரியப்பா குஞ்சிதபாதம் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நாளைக்கு மெட்ராஸ் போறியாமே, நெசமா?"

"ஆமா பெரியப்பா. மாஜிஸ்ட்ரேட் வேலைக்கு இன்டர்வியூ."

"நல்லாருக்கே கதை! நாளைக்குச் சுடுகாட்டுல பால் தெளி. ஒத்தப் பொண்ணு நீ. ஊரு காறித் துப்பாது? அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவையாம்! மூன்று வருஷம் வாதாடியவர்கள்தான் பரீட்சை எழுதலாம் என்ற விதிக்காக, பட்டுக்கோட்டைக் கோர்ட்டில் சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமந்து காலம் தள்ளியவள் அவள். அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ, யார் கண்டது?

அவளைவிட அப்பா காத்தானுக்குத்தான் இதில் பிடிவாதம் அதிகம். ஒரு வறட்சியில், நடவு கருகுதே என்று வாய்க்கால் கரையை வெட்டச் சொன்னவர் நிலத்துக்காரர். மண்வெட்டி பிடித்தவர் காத்தான். நிலத்துக்காரர் கோர்ட்டுக்கு வக்கீலோடு வந்து அபராதம் கட்டிவிட்டுப் போனார். காத்தான் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வக்கீல் இல்லாமல் தனியாக நின்றார்.

"நீயாத்தான் வெட்டினியா? யாரும் கட்டாயப்படுத்தலியே?"

"ஆமாங்கய்யா."

நாற்காலியில் இருப்பவரிடம் இல்லை என்று சொல்லி காத்தானின் தெருவில் யாருக்குப் பழக்கம்? தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். "நீங்க பாத்துச் செய்யுங்கய்யா" என்றார். பார்த்துத்தான் செய்தார்கள். இரண்டு மாசம் உள்ளே இருந்தார்.

போன வாரம் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பூவிழி இன்டர்வியூவுக்குப் படித்தாள். "ஒரே தப்புக்கு ஆளுக்கொரு தண்டனை குடுக்கக் கூடாதுப்பா. நீதிபதிகளுக்கு ஒரு வழிகாட்டி வேணும்னு சொல்லப்போறேன்."

"சொல்லு, சொல்லு. எதிர்ல நிக்கிறவன் சட்டுனு ஆமாம்னா, இன்னொரு தடவை கேப்பியா?"

"கேப்பேன்ப்பா."

அதை நினைத்தபடி அப்பாவின் நெற்றியில் வழிந்த சீயக்காயைத் துடைத்தாள் பூவிழி. பெரியப்பாவோ விடுவதாக இல்லை. தலைமாட்டில் இருந்த அம்மாவிடம் திரும்பினார்.

"என்ன வேம்பு, பேசாம இருக்கே? பொண்ணு இருந்து பால் தெளிக்கணும். சரிதானே?"

பூவிழி தடவுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா இருக்கச் சொல்லிவிட்டால், அதை மீறிப் போக அவளுக்கு மனசு வராது. அம்மாவோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பா சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

"ஆமாங்க மாமா" என்றாள் வேம்பு, தலை நிமிராமல்.

அவ்வளவுதான், முடிந்தது என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பூவிழி சீயக்காய்க் கையோடு அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் இருக்கவா, போகவா?"

வேம்பு மகளைப் பார்த்தாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லங்க மாமா" என்றாள். "அவ போவட்டும். பாலை நான் தெளிச்சிக்கிறேன்."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி உதறினார். வாசலில் யாரோ இருமினார்கள்.

சாயங்காலம் காத்தானைத் தூக்கிக்கொண்டு போனதும், வீடு கழுவப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். "இருங்கடி" என்று எழுந்தாள் வேம்பு. ஆணியில் தொங்கிய பூவிழியின் கறுப்பு வக்கீல் கோட்டை எடுத்து, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் கொடியில் மாட்டினாள்.

"ம், ஊத்துங்க" என்றாள்.