மேனேஜர் சேமித்த ஃபில்டர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார்களைக் கவனிப்பது என் வேலை. அன்று காலை கம்ப்யூட்டரில் புகார்ப் பட்டியலைத் திறந்தால், தீராத புகார் ஒன்றுகூட இல்லை. போனோ விடாமல் அடித்து உயிரை வாங்குகிறது. லிஃப்ட் ஓடாததால் ஒரு குடியிருப்பின் நாலாம் மாடியில் நடக்க முடியாத ஓர் அம்மா வாரக்கணக்கில் வீட்டோடு அடைந்து கிடக்கிறார். அவர் புகாரையும் காணோம்.

எல்லாம் மேனேஜரின் கைங்கரியம். முதலாளி வருகிறார் என்று, முடிந்த புகார்கள் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டு, அதை எல்லாருடைய திரைக்கும் சேமித்து வைத்திருந்தார்.

முதலாளி வந்து பார்த்துப் பூரித்துப்போனார். "பரவாயில்லையே, எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களே!"

மேனேஜர் இளித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியின் கண்ணெதிரிலேயே ஃபில்டரை எடுத்துவிட்டேன். தீராத புகார்கள் மளமளவென்று திரையை நிறைத்தன. நடுவில் முதலாளி வீட்டு லிஃப்டும் இருந்தது.

அவர் முகம் கறுத்தது. மேனேஜருக்குச் செமத்தியாக விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எங்க வீட்டு லிஃப்ட்ட மட்டும் உடனே பார்க்கச் சொல்லும்மா. அப்புறம் அந்த ஃபில்டர மறுபடி போட்டுடு."

"சரிங்க சார்" என்றேன்.

போட்டேன், கொஞ்சம் மாற்றிச் சேமித்தேன். இப்போது யார் திறந்தாலும் எல்லாப் புகாரும் தெரியும், அவர் வீட்டுப் புகாரைத் தவிர.