மில்லிக்கு ஒரு நல்ல நாற்காலி

திங்கட்கிழமை வாசிப்புக்கு வந்திருந்தவர்களை உட்கார்ந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட மேசையின் தலைமாட்டில் எங்கள் தலைமை எழுத்தாளர் சிட் லாபின். அவருக்கு வலப்பக்கம் எங்கள் டிவி நகைச்சுவைத் தொடரின் நாயகன் ரஸ் கேலவே. ரஸ்ஸுக்கு எதிரே நான், வெர்னா டாலிஃப்சன். என்னை அடுத்து மற்ற எழுத்தாளர்கள், டோனட் பெட்டிக்குக் கை எட்டுகிற தூரத்தில். சுவரோரம் அரங்கச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஆகி புருஸ்கோ. கதவுப் பக்கத்து மூலையில், மேசையோடு ஒட்டாமல், கால்மேல் கால் போட்டபடி சேனலின் ஆள் பிரெஸ்டன் ஹாக். சேனல்காரர்கள் எப்போதும் தள்ளித்தான் உட்காருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் தவறிப்போய்ச் சிரித்துவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம்.

அன்று வாசித்தது நான் எழுதிய அத்தியாயம்.

அந்தத் தொடரில் எழுதுவதும் நடிப்பதும் இரண்டுமே என் வேலை. நான் நடித்தது மில்லி, பக்கத்து வீட்டுக்காரி. கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள், ஒரு வசனம் சொல்வாள், நாற்காலியில் உட்காருவாள், நாற்காலி நொறுங்கும். ஏழு வருடமாக வாராவாரம் இதுதான். நாற்காலியைத் தக்கை போன்ற மரத்தில் ஆகி செய்து தருவார். ஒரு பூனை உட்கார்ந்தாலும் உடையும். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு என் பருத்த உடம்புதான் தெரியும்.

உடம்பை வைத்துச் சிரிக்கவைப்பது எனக்குப் புதிதல்ல. வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளி கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்குக் கொடுத்த வேடம் தொழுவத்து மாடு. மாட்டுக்கு வசனம் இல்லை என்றார்கள். நானே இரண்டு வரி எழுதிப் பேசினேன். தேவதூதன் சிரிப்பை அடக்க முடியாமல் இறக்கையைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு சிகாகோவில் பியர் வாசனை அடிக்கிற மேடைகள், அப்புறம் படமும் டிவியும் எடுக்கிற இந்த ஊரில் மற்றவர்கள் வாய்க்கு நான் எழுதிய நகைச்சுவைகள், நர்ஸ், சமையல்காரி, பஸ்ஸில் இரண்டு சீட் பிடிக்கிற பெண்மணி என்று சின்னச் சின்ன வேடங்கள். எல்லாவற்றையும் நன்றாகவே செய்தேன். மில்லி விழுந்த விதங்களில் பாதி நான் எழுதியவைதான். ஆனால் ஒரு மனுஷி ஏழு வருடம் ஒரே வீட்டுக்கு வந்துபோகிறாள், அவளுக்கு ஒரு நல்ல நாற்காலி கிடைக்கக்கூடாதா?

என் அத்தியாயத்தில் மில்லி மேயர் தேர்தலுக்கு நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறாள். உட்காருகிறாள். நாற்காலி உடையவில்லை. ஊரைப் பற்றி அவள் நினைப்பதையெல்லாம் நறுக்கென்று பேசிவிட்டுப் போகிறாள்.

வாசித்து முடித்ததும் மூலையிலிருந்து பிரெஸ்டன் கேட்டார்: "பிரமாதம். அவ எப்ப விழறா?"

"விழல" என்றேன்.

"கடைசியிலயா?"

"கடைசியிலயும் இல்ல."

"வெர்னா, ஜனங்க அதைப் பார்க்கத்தானே டிவியப் போடறாங்க?"

"அப்ப உங்க நாயகனை எதுக்கு வச்சிருக்கீங்க?"

ரஸ் காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அம்மா தாயே, என்னை ஏன் இழுக்கற?"

சிட் கையை உயர்த்தினார். எங்கள் வழக்கப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜனங்களை உட்காரவைத்து ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுப்போம். "முதல் தடவை வெர்னா எழுதினபடி. சிரிப்பு வரலன்னா ரெண்டாவது தடவை அவ விழணும். சரியா?"

"விழமாட்டேன்னா, அடுத்த வருஷம் மில்லி இருக்காளான்னே யோசிக்கணும்" என்றார் பிரெஸ்டன், டோனட்டின் சர்க்கரையை விரலிலிருந்து துடைத்துக்கொண்டே.

"யோசிங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுமே கைதட்டல். ஓட்டுக் கேட்கிற முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதன் கால்கள் பளபளவென்று புது வார்னிஷில் மின்னின. நல்ல நாற்காலியின் கால்கள் கீறல் விழுந்து மங்கிப்போனவை. இது வாராவாரம் புதிதாகச் செய்கிற, உடைகிற நாற்காலி.

திரைக்குப் பின்னால் ஆகி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வருடப் பழக்கம். அந்த இடத்தில் அந்த நாற்காலியைத்தான் அவர் கை கொண்டுபோய் வைத்திருக்கிறது.

ஜனங்கள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் உட்காரவே இல்லை, விழப்போகிறேன் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. அந்தச் சிரிப்பு முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுத்தியது. உட்கார்ந்துவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. இந்தப் பிறவி முழுக்க விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் உட்காரவில்லை. நாற்காலியை ஒற்றை விரலால் தூக்கினேன். சமையல் மேடையில் சாய்ந்து நின்ற ரஸ்ஸுக்கு முன்னால் வைத்தேன்.

"ஓட்டுக் கேட்டு வந்தவ நான். மரியாதை உங்களுக்குத்தான். உக்காருங்க" என்றேன்.

இது எழுதின வசனம் இல்லை. ரஸ் நாற்காலியைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தான், கோட்டை நீவிவிட்டுக்கொண்டு ராஜாவைப்போல் உட்கார்ந்தான்.

நொறுங்கியது. ஒட்டடைக் குச்சி மாதிரி ஒரு மனிதன் கால் இரண்டும் மேலே தெரியக் கிடந்தான். அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை நான் அசையவில்லை.

தரையிலிருந்து ரஸ் கேட்டான்: "இப்பவும் என் ஓட்டு வேணுமா?"

"வேணும். எழுந்து வந்து போடுங்க."

மீதி வசனம் முழுவதையும் நின்றபடியே பேசினேன். புல் வெட்டாத வீடுகளைப் பற்றி, பள்ளிக்கூடத்துக் கூரையைப் பற்றி, என்னை வாசலில் பார்த்ததும் நாற்காலிகளை ஒளித்துவைக்கிற நண்பர்களைப் பற்றி. அவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சொன்னதற்குச் சிரித்தார்கள்.

காட்சி முடிந்ததும் ஆகி ஓடிவந்தார். "கை செஞ்ச வேலை மேடம். என்னை உதைங்க."

"உதைச்சா என் கால்தான் வலிக்கும். போய்த் தண்ணி குடிங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு."

அடுத்து பிரெஸ்டன் வந்தார். "அருமை. ஆனா நாயகன் விழக்கூடாது வெர்னா. இப்ப ரெண்டாவது தடவை. அதே மாதிரி நாற்காலி, உக்காரப்போறது நீங்க."

"சிரிப்பு வரலன்னாத்தான் ரெண்டாவதுல விழணும்னு பேச்சு. உங்க காது அடைச்சுப்போச்சா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். நானும் நின்றேன். அன்று இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பிரெஸ்டனின் அறைக்கு சிட், ரஸ், நான் என்று மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். ஜனங்கள் இல்லாமல் அந்தக் காட்சியை மறுபடி எடுக்கலாம், மில்லி விழட்டும், சிரிப்பைப் பெட்டியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெட்டியில் யார் யாரோ எப்போதோ எதற்கோ சிரித்துப் பதிவான சிரிப்பு இருக்கிறது. சிட் ஜன்னலைப் பார்த்தார். ரஸ் தன் ஷூவைப் பார்த்தான். மேடையில் விழத் துணிந்தவனுக்கு அந்த அறைக் கம்பளத்தின்மேல் பேச வாய் வரவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். அந்த அறையில் நாற்காலிகள் ரொம்ப மெத்தென்று இருந்தன.

"'விழறேன்'னு எழுதிக் கொடுங்க, இல்லன்னா 'போறேன்'னு எழுதிக் கொடுங்க. ரெண்டுல ஒண்ணு எழுத்துல வேணும்" என்றார் பிரெஸ்டன் என்னிடம்.

மறுநாள் காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து, முதலில் தேதியையும் விலாசத்தையும் எழுதிவிட்டு, இப்படி எழுதினேன்:

'மரியாதைக்குரிய மிஸ்டர் ஹாக், நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் நான் செய்வதாக இல்லை. மில்லி விழமாட்டாள், நானாகப் போகவும் மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை வாசிப்புக்கு வழக்கமான என் இடத்தில் இருப்பேன், அடுத்த அத்தியாயத்தோடு. அதில் மில்லி மேயர். என்னை வெளியே அனுப்ப விரும்பினால் நீங்களே, உங்கள் கையெழுத்தில், ஓட்டுப் போட்டவர்களுக்கும் காரணம் சொல்லி அனுப்புங்கள். அந்தக் காட்சியை வேறு ஒருத்தியை வைத்து எடுத்தால் அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். சிரிப்பு எனக்குப் பெட்டியிலிருந்து வேண்டாம். இப்படிக்கு, வெர்னா டாலிஃப்சன்.'

ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தேன். உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்தலையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது வாசலில் தபால்காரர் வந்துவிட்டார்.

"மில்லிதானே? நேத்து டிவில நீங்க விழுந்த பழைய அத்தியாயத்தைப் பார்த்து என் பொண்டாட்டி சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டா. அடுத்து எப்படி விழப்போறீங்க?"

"விழறதா இல்ல."

"அய்யய்யோ, அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"பேசுவேன்" என்று கடிதத்தை நீட்டினேன்.

விலாசத்தை ஒருமுறை பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.